முதல் தெரு

(மூன்றாமாண்டு சிவில் மாணவன்)



மலருக்குப் படைப்புகள் கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியபோது கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போன வருட மலரைப் புரட்டினேன். நட்பைப் பற்றி ஒன்பது கவிதை, அம்மாவைப் பற்றி ஆறு, நிலாவைப் பற்றி நாலு. பத்தாவதாக நானும் எதற்கு? அதுவும் போக, ஒரு வருடமாக ஒரு விஷயம் முள்ளாக உள்ளே கிடக்கிறது. வீட்டில் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டுச் சிரித்தாலும் சரி, திட்டினாலும் சரி.

ஸ்டாஃபை நகர்த்தியவன்

இரண்டாமாண்டு சர்வே பிராக்டிகல். மெயின் கேட் பக்கத்தில் இருக்கும் பெஞ்ச் மார்க்கில் தொடங்கி, ஹாஸ்டல் வரை லெவல் எடுத்துப் போய், மறுபடி அதே பெஞ்ச் மார்க்கில் வந்து முடிக்க வேண்டும். தொடங்கிய அளவும் முடித்த அளவும் ஒன்றாக வர வேண்டும். எங்கள் பேட்ச்சுக்குப் பதினெட்டு சென்டிமீட்டர் இடித்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்தோம். கூட்டலில் தவறில்லை. டம்பி லெவலைச் சந்தேகப்பட்டோம். சார் வந்து பார்த்தார், கருவியும் சரி.

மெக்கானிக்கல், ஈ.சி.இ. நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரே இடத்தில் கருவியை வைத்து ஊர் முழுக்கப் பார்க்க முடியாது. கொஞ்ச தூரம் பார்த்தபின் கருவியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக வேண்டும். அப்போது ஸ்டாஃப் பிடித்திருப்பவன் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பழைய இடத்திலிருந்து ஒருமுறை, புது இடத்திலிருந்து ஒருமுறை, அந்த ஒரே புள்ளியைப் படிக்கிறோம். இதற்கு ‘சேஞ்ச் பாயிண்ட்’ என்று பெயர். இரண்டு தனித்தனி அளவுகளைச் சேர்த்துக் கட்டுவது அந்தப் புள்ளி ஒன்றுதான்.

எங்கள் ஸ்டாஃப்மேன் என் ஆருயிர் நண்பன். (பெயர் சொன்னால் என்னைத் தொலைத்துவிடுவான்.) வெயில் தாங்காமல் ரெண்டே ரெண்டு அடி தள்ளி வேப்பமர நிழலுக்குள் போய் நின்றுகொண்டான். அவ்வளவுதான். சார் அவனைத் திட்டவில்லை. எங்கள் எல்லோரையும் பார்த்து, “கருவி சரி, கணக்கு சரி. ரெண்டையும் சேர்க்கிற இடத்துல ஆள் நகர்ந்துட்டான். அதுக்கப்புறம் நீங்க எவ்வளவு ஒழுங்கா படிச்சாலும் எல்லாமே தப்புதான்டா” என்றார்.

அன்று அவனைக் கேலி செய்து சிரித்தவர்களில் நானும் ஒருவன். பின்னால் நான் செய்ததை நினைத்தால், அவன் எவ்வளவோ மேல்.

ஒரு பதிவுக்கு ஒரு ரூபாய்

இரண்டாமாண்டு முடிந்த கோடை விடுமுறையில் பக்கத்து ஊரில் ஒரு வேலை கிடைத்தது. ஓர் அரசு மருத்துவ நிலையத்தின் பழைய புறநோயாளிப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். வேலையை எடுத்திருந்தவர் ஒரு கான்ட்ராக்டர். ஒரு பதிவுக்கு ஒரு ரூபாய். பெயர், வயது, தகப்பனார் பெயர், முகவரி, என்ன நோய், என்ன தேதி. பெரும்பாலும் குழந்தைகள். இருமல், இழுப்பு, வயிற்றுப்போக்கு, சொறி, காமாலை.

முதல் இரண்டு நாள் ஒழுங்காகத்தான் செய்தேன். மூன்றாம் நாள் ஒரு சிக்கல் புரிந்தது. பதிவேட்டில் மூன்றில் ஒரு பேருக்கு முகவரியே சரியாக இல்லை. சிலருக்கு ஊர்ப் பெயர் மட்டும். சிலருக்கு மேலே உள்ளதே கீழே என்பதற்கு ரெண்டு புள்ளி. சிலருக்கு டீக்கறை. ஆனால் கம்ப்யூட்டரோ தெருப் பெயரைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே விடாது. ‘தெரியாது’ என்று ஒரு வரி அந்தப் பட்டியலில் இல்லை.

கான்ட்ராக்டரிடம் கேட்டேன். “ஏதாவது ஒண்ணைப் போட்டுட்டுப் போப்பா. யார் பாக்கப் போறா?” என்றார்.

பட்டியலில் முதலில் இருந்தது அண்ணா வீதி. என்டர் தட்டினால் தானாகவே அது விழும். தட்டினேன். அடுத்ததற்கும் தட்டினேன். நாளாக ஆக, முகவரி இருந்தாலும் கையெழுத்து கொஞ்சம் மோசமாக இருந்தால் அதற்கும் தட்டினேன். ஒரு நாளைக்கு நூற்று இருபது பதிவு போட்டுக்கொண்டிருந்தவன் இருநூறு, இருநூற்று இருபது என்று ஏறினேன். இருபத்தேழு நாள். அண்ணா வீதியில் நான் குடியேற்றிய நோயாளிக் குழந்தைகள் ஆயிரத்து ஐந்நூறுக்குக் குறையாது. அந்தப் பணத்தில் அரியர் ஃபீஸ் கட்டினேன். அக்கா மகளுக்கு ஒரு பட்டுப் பாவாடையும் வாங்கிக்கொண்டு போனேன். வீட்டில் ஒரே பாராட்டு.

எங்கள் தெருவில் நோயே இல்லை

அக்கா மகளுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. அந்த வருடம் ஆடி பிறந்த பிறகு ஒரு நாள் சாப்பாடு வேண்டாம் என்றாள். மறுநாள் வாந்தி, காய்ச்சல். நாலாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. பரிசோதித்த டாக்டர், இது தண்ணீர் மூலம் வரும் காமாலை என்று சொன்னார். “தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடுங்க. இப்ப குடிச்ச தண்ணியில வந்ததில்லை இது. ஒரு மாசம் முன்னாடி குடிச்சதுல வந்திருக்கும்” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் எத்தனை சங்கடம் பாருங்கள். கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரியப் பதினைந்து முதல் ஐம்பது நாள் ஆகுமாம். குழந்தை படுக்கும்போது குழாயில் தண்ணீர் தெளிவாக வரும். தண்ணீர் நாறிய அன்று குழந்தை தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும். கண்ணால் பார்த்து எந்தத் தாயும் ரெண்டையும் சேர்க்க முடியாது. தேதியும் இடமும் எழுதி வைத்த ஏடு மட்டும்தான் சேர்க்கும்.

எங்கள் தெருவில் வேறு வீடுகளிலும் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். குழாயில் அவ்வப்போது சாக்கடை வாடை வருகிறது என்று அத்தான் மனு எழுதினார். நானும் கூடப் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கம்ப்யூட்டரில் எங்கள் தெருப் பெயரை அடித்துப் பார்த்தார்.

“உங்க தெருவுல காமாலை கேஸே பதிவாகலையேங்க. ஒண்ணே ஒண்ணுதான் காட்டுது. பிரச்சினை அஞ்சல் நிலைய வீதியிலதான். அங்க நாப்பத்து மூணு. ரெண்டு தடவை ஆள் அனுப்பி குளோரின் போட்டுட்டு வந்தோம்.”

அத்தான் ஒன்றும் புரியாமல் நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அஞ்சல் நிலைய வீதியில் மொத்தமே பத்து வீடு இருக்கும். மீதியெல்லாம் ஜவுளிக்கடை, பேங்க், மளிகைக்கடை. நாற்பத்து மூன்று குழந்தைகள் அங்கே எங்கிருந்து வரும்? அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றபடி திரையைப் பார்த்தேன். அகர வரிசையில் தெருக்கள். முதல் தெரு அஞ்சல் நிலைய வீதி.

எங்கள் ஊரிலும் என்னைப் போல் ஒருவன் ஒரு பதிவுக்கு ஒரு ரூபாய் வாங்கியிருக்கிறான்.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ‘உனக்கு எப்படிடா தெரியும்?’ என்று அத்தான் கேட்டால் என்ன சொல்வது? வீட்டுக்கு வந்தேன். குழந்தை அந்தப் பட்டுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, மஞ்சள் கண்ணோடு படுத்திருந்தாள்.

ஃபிளின்ட்

காலேஜ் திறந்ததும் சுற்றுச்சூழல் பொறியியல் எடுக்கும் சாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். “ஃபிளின்ட்னு ஒரு ஊரைப் பத்திப் படிச்சுட்டு வா, அப்புறம் பேசலாம்” என்று அனுப்பிவிட்டார். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிவில் படிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஊர் ஃபிளின்ட். கார்த் தொழிற்சாலைகளால் வாழ்ந்து, அவை குறைந்ததும் நொடித்துப்போன ஊர். செலவை மிச்சப்படுத்த, டெட்ராய்ட்டிலிருந்து வாங்கிவந்த ஹூரான் ஏரித் தண்ணீரை விட்டுவிட்டு, 2014 ஏப்ரல் 25 அன்று ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். டெட்ராய்ட் தண்ணீரில் குழாயின் உட்புறம் அரிக்காமல் இருக்க பாஸ்பேட் மருந்து கலந்திருந்தது. ஆற்றுத் தண்ணீரில் அதைக் கலக்கவில்லை. பழைய வீடுகளுக்குப் போகும் இணைப்புக் குழாய்கள் பல, ஈயக் குழாய்கள். தண்ணீர் அரிக்க அரிக்க ஈயம் கரைந்து வந்தது.

தண்ணீர் நிறம் மாறியது, நாறியது. மக்கள் பாட்டில்களில் பிடித்துக்கொண்டு கூட்டங்களுக்குப் போனார்கள். அதே 2014 அக்டோபரில், எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலை அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரைக் குழந்தைகள் இன்னும் ஒரு வருடம் குடித்தார்கள்.

ஈயம் உடம்பில் ஏறினால் கண் மஞ்சளாகாது, காய்ச்சல் வராது. குழந்தையின் மூளை வளர்ச்சியைச் சத்தமில்லாமல் கெடுக்கும். அப்படியானால் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் அங்குள்ள ஹர்லி மருத்துவ மையத்தில் வேலை பார்த்தார். 2015-இல், தண்ணீர்த் துறை அனுபவமுள்ள பொறியாளரான அவருடைய தோழி எலின் பெட்டான்சோ, குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து கலக்கப்படவில்லை என்று அவரிடம் சொன்னார். மோனா இதற்காகப் புதிதாக ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கவில்லை. ஏழைக் குழந்தைகளுக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் ரத்தத்தில் ஈயம் பார்ப்பது ஏற்கெனவே நடந்துவந்த வழக்கம். அந்த முடிவுகள் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் கிடந்தன. தண்ணீர் மாறுவதற்கு முன்பு 2013, மாறிய பின்பு 2015. இரண்டிலும் ஜனவரி 1 முதல் செப்டம்பர் 15 வரை, அதே மாதங்கள். ஏனென்றால் கோடையில் ஈய அளவு எப்போதுமே கொஞ்சம் ஏறும். மாதம் மாறினால் ஒப்பீடு பொய்யாகிவிடும்.

இன்னொரு பக்கம், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் குழுவினர் வீடு வீடாகத் தண்ணீர் மாதிரி வாங்கி, எந்தப் பகுதிக் குழாயில் எவ்வளவு ஈயம் என்று அளந்து வைத்திருந்தார்கள். ரத்தக் கணக்கு ஒரு ஏடு, தண்ணீர்க் கணக்கு இன்னொரு ஏடு. இரண்டையும் சேர்த்துக் கட்டிய புள்ளி எது தெரியுமா? குழந்தையின் வீட்டு முகவரி.

2015 செப்டம்பர் 24 அன்று மோனா பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார். மாநில அரசுத் தரப்பு முதலில் மறுத்தது. எங்கள் கணக்கில் அப்படித் தெரியவில்லை என்றார்கள். இதில்தான் நாம் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. அங்கே நம் பின்கோடு மாதிரி ஜிப் கோடு. ‘ஃபிளின்ட்’ என்று தபால் முகவரி உள்ள வீடுகளில் பல, நகர எல்லைக்கே வெளியே இருந்தன. அந்த வீடுகளுக்கு ஃபிளின்ட் குழாய்த் தண்ணீர் போகவே இல்லை. ஜிப் கோடை மட்டும் வைத்துக் கூட்டினால் ஆற்றுத் தண்ணீர் குடிக்காத குழந்தைகளும் சேர்ந்து, உயர்வு மங்கிப்போகும். ரிச்சர்ட் சாட்லர் என்ற புவியியலாளரோடு சேர்ந்து மோனா குழுவினர் ஒவ்வொரு குழந்தையின் வீட்டையும் வரைபடத்தில் புள்ளியாக வைத்தார்கள்.

அதன்பின் வந்த கணக்கு இது. ஐந்து வயதுக்குட்பட்ட ஃபிளின்ட் குழந்தைகளில், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தவர்கள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதம் ஆனார்கள். தண்ணீரில் ஈயம் மிக அதிகமாக இருந்த பகுதிகளில் 4.0 சதவீதம் 10.6 சதவீதமாக ஏறியது. நகருக்கு வெளியே குறிப்பிடும்படி மாற்றமில்லை. 2015 அக்டோபர் 16 அன்று ஃபிளின்ட் மறுபடி டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பியது.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஃபிளின்ட் ஆஸ்பத்திரியில் என்னைப் போல் ஒருவன் உட்கார்ந்து, எல்லாக் குழந்தைக்கும் பட்டியலில் உள்ள முதல் தெருவைத் தட்டியிருந்தால்?

சுங்கச்சாவடியும் தொட்டிலும்

தண்ணீருக்கு மட்டும்தான் இந்த வித்தை என்று நினைக்காதீர்கள். காற்றுக்கும் உண்டு. நம் ஊர்ச் சுங்கச்சாவடிகளில் 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அமெரிக்காவில் அதற்கு ஈ-இசட்-பாஸ் என்று பெயர். காசு கொடுக்க வண்டிகள் நின்று நின்று புகை விடுவது அதனால் குறைந்தது. ஜேனட் கரி, ரீட் வாக்கர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: சாவடிக்குப் பக்கத்தில் வசித்த கர்ப்பிணிகளின் குழந்தைகளுக்கு இதனால் ஏதாவது நன்மை உண்டா?

அவர்களும் யாரையும் போய்ப் பரிசோதிக்கவில்லை. நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களின் பிறப்புப் பதிவேடுகளை எடுத்தார்கள். அதில் தாயின் முகவரி உண்டு, குழந்தையின் எடை உண்டு, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதும் உண்டு. எந்தச் சாவடியில் எந்தத் தேதியில் ஈ-இசட்-பாஸ் வந்தது என்ற பட்டியலோடு அதைச் சேர்த்தார்கள். சாவடிக்கு 2 கிலோமீட்டருக்குள் இருந்த தாய்மார்களையும், அதே மாதிரி நெடுஞ்சாலை ஓரத்தில் ஆனால் சாவடிக்குத் தள்ளி இருந்த தாய்மார்களையும் ஒப்பிட்டார்கள். 2011-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், சாவடிக்குப் பக்கத்தில் குறைமாதப் பிறப்பு 10.8 சதவீதமும், எடை குறைந்த பிறப்பு 11.8 சதவீதமும் குறைந்திருந்தன.

பிறப்புப் பதிவு எழுதிய குமாஸ்தாவுக்குச் சுங்கச்சாவடியைப் பற்றி எந்த நினைப்பும் இருந்திருக்காது. தாயின் முகவரியை ஒழுங்காக எழுதினார். அவ்வளவுதான். வருடங்கள் கழித்து அதிலிருந்து ஓர் உண்மை கிடைத்தது.

எந்த லட்சுமி?

இப்படி ஏடுகளைச் சேர்ப்பதற்கு ‘ரெக்கார்ட் லிங்கேஜ்’ என்று 1946-இல் பெயர் வைத்தவர் ஹால்பர்ட் டன் என்ற அமெரிக்கப் புள்ளிவிவர அதிகாரி. ஒவ்வொரு மனிதனும் பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு புத்தகம் எழுதிக்கொண்டே போகிறான், அதன் பக்கங்கள் வெவ்வேறு அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன, அவற்றைத் தைத்து ஒரே புத்தகமாக்குவதுதான் இந்த வேலை என்பது அவர் கருத்து.

நம் ஊர்க் குழந்தைக்கும் பக்கங்களுக்குப் பஞ்சமில்லை. தாய் கர்ப்பத்தைப் பதியும்போது பிக்மி எண், பிறந்ததும் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, அங்கன்வாடியில் எடைப் பதிவேடு, பள்ளியில் எமிஸ் எண். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்காக எழுதப்பட்டது. ஒரு குழந்தைக்கு எல்லா இடத்திலும் ஒரே எண் இருந்தால் தைப்பது சுலபம். இல்லாவிட்டால் பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் வைத்துத்தான் பொருத்த வேண்டும். அங்கேதான் நம் பெயர்கள் விளையாடும். லட்சுமி, லெட்சுமி, இலக்குமி மூன்றும் ஒரே ஆள். ஒரே வகுப்பில் மூன்று எஸ். கார்த்திக், மூன்றும் வேறு ஆள். இனிஷியல் ஒரு ஏட்டில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் இல்லவே இல்லை. இவன் அவன்தான் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதற்கு ஃபெல்லெகி, சன்டர் என்ற இருவர் 1969-இல் கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பிறந்த தேதி பொருந்தினால் இத்தனை மதிப்பெண், பெயர் பொருந்தினால் இத்தனை என்று கூட்டிக்கொண்டே போகும் முறை அது.

தவறில் இரண்டு ஜாதி உண்டு என்று சார் சொன்னார். தவறு அங்கும் இங்குமாகச் சிதறி விழுந்தால் உண்மை மங்கும். ஆபத்து இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தவறு எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் இல்லாத ஆபத்து முளைக்கும். நான் செய்தது ரெண்டையும். பிள்ளைகள் படுத்த தெருக்களை மங்க வைத்தேன். அண்ணா வீதியில் ஒரு கொள்ளைநோயை முளைக்க வைத்தேன்.

அறுபத்து நாலு வீடு

சார் கடைசியில் ஒன்று சொன்னார். “கம்ப்யூட்டர்ல இல்லாட்டி என்ன? உனக்கு செயின் சர்வே தெரியுமில்ல? நடந்து போய் எழுது.”

அடுத்த ரெண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இரண்டு நண்பர்களும் (அந்த ஸ்டாஃப்மேனும்தான்!) எங்கள் தெருவை அளந்து பிளான் போட்டோம். அறுபத்து நாலு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் குழந்தை யாருக்காவது காமாலை வந்ததா, எந்தத் தேதி, குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்டோம்.

முதல் எதிர்ப்பு எங்கள் வீட்டிலேயே வந்தது. “பிள்ளை பேரை எழுதி ஊரெல்லாம் காட்டப் போறியாடா? பொம்பளப் புள்ளைக்கு நோயாளின்னு பேரு வந்தா நாளைக்கு யாருடா பொறுப்பு?” என்றாள் அக்கா. அவள் கேட்டது நியாயம். வெளிநாடுகளில் இதற்கு முறையே வைத்திருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1995 முதல் ஏடுகளைச் சேர்த்துவரும் அமைப்பில், பெயரையும் முகவரியையும் பார்த்துப் பொருத்துகிறவர்கள் கையில் நோய் விவரம் இருக்காது. நோய் விவரத்தை ஆராய்கிறவர்கள் கையில் பெயர் இருக்காது, ஒரு குறியீட்டு எண் மட்டும் இருக்கும். நம் நாட்டிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டம் நிறைவேறியது. நாங்கள் எங்களுக்குத் தெரிந்த மட்டில் செய்தோம். பெயரை எழுதவில்லை. பிளானில் ஒரு புள்ளி, பக்கத்தில் தேதி. அக்கா சம்மதித்தாள்.

பதினொரு குழந்தைகள். பிளானில் புள்ளி வைத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் “டேய்!” என்றோம். பதினொன்றில் ஒன்பது, சிறுபாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பதினேழு வீடுகளுக்குள். அந்தச் சிறுபாலத்துக்கு அடியில்தான் தண்ணீர்க் குழாய் சாக்கடையைக் கடக்கிறது. தண்ணீர் விடும் நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்கும், உள்ளே ஒன்றும் போகாது. நிறுத்தியதும் அழுத்தம் போய்விடும். இணைப்பில் ஓட்டை இருந்தால் சாக்கடையை உறிஞ்சிக்கொள்ளும். ஹைட்ராலிக்ஸில் படித்ததுதான். சார் கொடுத்த சோதனைப் பெட்டியை வைத்துக் காலையில் குளோரின் பார்த்தோம். வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. தெரு முனையில் மஞ்சள் நிறம் வந்தது. சிறுபாலம் தாண்டிய குழாய்களில் நிறமே வரவில்லை.

பிளானை எடுத்துக்கொண்டு அதே அதிகாரியிடம் போனோம். நெடுநேரம் பார்த்தார். “தம்பி, இதெல்லாம் எங்க கம்ப்யூட்டர்ல ஏன் வரலை?” என்று கேட்டார்.

இந்த முறை வாயைத் திறந்தேன். “சார், லிஸ்ட்ல முதல் தெருவை எடுத்துப் பாருங்க. அங்க பத்து வீடுதான் சார் இருக்கு. முகவரி இல்லாத பிள்ளைங்க எல்லாரும் அங்கதான் இருப்பாங்க. எனக்குத் தெரியும் சார். நானும் வேற ஊர்ல இதே வேலையைத்தான் பார்த்தேன்.”

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை. ஆனால் அதைப் பற்றி அவர் இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் தோண்டினார்கள். இணைப்பு அரித்துப் போயிருந்தது. மாற்றினார்கள். அக்கா மகள் அதற்குள் எழுந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள்.

கடைசியாக

கதை இங்கே சுபமாக முடிந்தது என்று எழுதத்தான் ஆசை. முடியவில்லை. என் அண்ணா வீதி அப்படியே இருக்கிறது. கான்ட்ராக்டருக்குப் போன் செய்தேன். “அதெல்லாம் சப்மிட் பண்ணி பில்லும் பாஸாயிடுச்சுப்பா. பழசை ஏன் கிளர்றே?” என்றார். அந்த மருத்துவ நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஏற்றிய பதிவுகளில் அண்ணா வீதி என்று இருப்பவற்றைத் தயவுசெய்து ‘முகவரி தெரியாது’ என்று மாற்றுங்கள், தவறு என்னுடையது என்று. இந்த மலர் அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை. அந்த ஊரில் எந்தத் தெருக் குழந்தைகளுக்கு இழுப்பு, எந்தத் தெருவில் காமாலை என்று இனி யார் தேடினாலும் என் விரல் அவர்களை வேறு தெருவுக்குத்தான் அனுப்பும்.

நண்பர்களே, இன்னும் சில மாதத்தில் நாம் வெளியே போகிறோம். நம்மில் பலர் நகராட்சியில், குடிநீர் வாரியத்தில், மேப்பிங் கம்பெனியில், டேட்டா என்ட்ரியில் உட்காரப் போகிறோம். பெரிய ஆராய்ச்சியை யாரோ டாக்டர்களும் பேராசிரியர்களும் செய்வார்கள். அவர்கள் வைக்கும் கருவி சரியாக இருக்கும், போடும் கணக்கும் சரியாக இருக்கும். ரெண்டு ஏட்டையும் சேர்க்கிற புள்ளியில் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போவது நாம்தான்.

வெயில் அடிக்கும். மேலதிகாரி அவசரப்படுத்துவார். ஒரு பதிவுக்கு ஒரு ரூபாய் என்பார்கள். தெரிந்ததை எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். பட்டியலில் ‘தெரியாது’ இல்லையென்றால் அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். சேர்க்காவிட்டால் மறுபடி கேளுங்கள். நான் ஒரே ஒரு முறைதான் கேட்டேன்.